வேலிக்கு வெளியே நிற்கிறவர்

அல்போன்சம்மாவும் அவள் மகள் ஷெர்லியும் வந்து கூப்பிட்டபோது சத்தியதாஸ் பின்வாசலில் உட்கார்ந்து பலாச்சக்கை வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை பிசின். பர்மா மொழியையும் மோன் மொழியையும் வாழ்நாள் முழுக்கப் படித்து, கல்கத்தாவிலும் தில்லியிலும் பாடம் நடத்தி, ஐராவதி ஆற்றங்கரைக் கல்வெட்டுகளை வெயிலில் உட்கார்ந்து படியெடுத்த மனிதருக்கு, கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்ற புத்தி மட்டும் சக்கையைப் பிளந்த பிறகுதான் வரும். முன்பு அதை ஞாபகப்படுத்த மனைவி ஆனந்தபாய் இருந்தாள். அவள் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கொல்லயில் என்ற அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் ‘சைனா சாரு’. சீனாவில் கால் வைத்ததே இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். கிழக்கே இருப்பதெல்லாம் ஊருக்குச் சைனாதான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

“பொழியூரு கடப்புறத்துல இருந்து வாறோம் சாரே. பர்மாக்காரனுக்க பேச்சு சாருக்குத் தெரியும்ணு எங்க மாதா பள்ளியில பூசை வைக்குத அச்சன் சொன்னாரு” என்றாள் அல்போன்சம்மா. ஐம்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

விஷயத்தை ஷெர்லிதான் கோவையாகச் சொன்னாள். அப்பா அந்தமானில் மீன்பிடிப் போட்டில் வேலைக்குப் போனவர். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு புயலில் போட்டு கவிழ்ந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் கிடைத்தன, அப்பாவின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை. அம்மா விடாததால் ஆத்துமா பூசையும் இல்லை. இப்போது ஷெர்லிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கார்டில் அப்பா பேருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் அடிபிடி. அந்த நேரத்தில்தான் அந்தமான் போட்டுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு படமும் ஒரு குரலும் வந்தன. பர்மாக் கரையிலிருந்து யாரோ அனுப்பி, கைமாறிக் கைமாறி வந்தது. படத்தில் ஓர் உள்ளங்கை, அதில் உப்பு தின்ற ஒரு மாதா பதக்கம்.

“பதக்கம் அவருக்கதாக்கும். நான் வேளாங்கண்ணியில வாங்கிக் குடுத்தது, ஓரத்துல ஒரு வெட்டு உண்டு” என்றாள் அல்போன்சம்மா. “ஆளு அங்க எங்கயோ உண்டு சாரே. ஜெயில்லயோ, ஆசுபத்திரியிலயோ. எங்கண்ணு மட்டும் கேட்டுச் சொன்னா மதி.”

பிசின் கையால் போனைத் தொட முடியாது. ஷெர்லி அதை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு பெண்ணின் குரல். நடுவயதுக்காரியாக இருக்கும். கடல்புறத்துப் பேச்சு, அவர் படித்த பர்மா மொழியைவிட முரடு. பின்னால் அலைச் சத்தம், அதற்கும் பின்னால் விடாமல் குரைக்கும் நாய்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை வைக்கச் சொன்னார். பிறகு, நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற வாத்தியார் புத்தியில், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார்.

“அவருக்கு வலது கையில பச்சை குத்தியிருந்துதா?”

“வள்ளமாக்கும்!” அல்போன்சம்மா அவர் பிசின் கையையே பிடித்துவிட்டாள். “பாய்மரம் வச்ச வள்ளம். அதையும் சொல்லுதாளா? கேட்டியா மக்கா, கையப் பாத்துச் சொல்லுதா. அப்போ ஆளு முன்னால இருந்துதானே பேசுதா!”

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கு வாய் வரவில்லை. சத்தம் தெளிவில்லை, பேச்சும் கொச்சை, நிதானமாகக் கேட்டுப் பார்க்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார். குரலைத் தம் போனுக்கு அனுப்பிக்கொண்டார். போகும்போது அல்போன்சம்மா மகளிடம், “கார்டுக்காரன விளிச்சு அப்பா பேர மட்டும் அடிச்சாப் போரும்ணு சொல்லு” என்றது கேட்டது. குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது.

பிறகு அந்த வீட்டில் அவர் தனியாக இல்லை. கிணற்றடியில் முகம் கழுவும்போது போனில் கேட்ட அந்தப் பெண் பேசினாள். சோற்றுப் பானையின் மூடி துள்ளும்போது பேசினாள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவருக்கு மட்டும் நாய்கள் குரைத்தன. தெருவில் நாய் ஏதும் இல்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார். அவள் சொன்னது இவ்வளவுதான். வலது கையில் படகு பச்சை குத்தி, கழுத்தில் இந்தப் பதக்கத்தோடு கரையில் ஒதுங்கிய அந்த மனிதரை எங்கள் ஆட்களோடு சேர்த்துப் புதைத்தோம். வருடந்தோறும் மழைக்கு முன்னால் தண்ணீர் வார்த்து, செய்த புண்ணியத்தில் எங்கள் இறந்தவர்களுக்குப் பங்கு வைக்கிறோம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவோம், வந்து வாங்கிக்கொள்வார்கள். இவர் பேர் எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் உள்ளே வந்த பிறகும் இவர் வேலிக்கு வெளியே நிற்கிறார். நாய்கள் அந்த இடத்தைப் பார்த்தே குரைக்கின்றன. பேர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பாவம், நிற்கிறார்.

புண்ணியத்தில் பங்கு வைக்கும் அந்த வாசகம் அவருக்குப் புதிதல்ல. கல்லில் எத்தனையோ தடவை படித்தது. குளம் வெட்டியவனும் விகாரை கட்டியவளும் கடைசி வரியில் அதைத்தான் வெட்டி வைத்திருப்பார்கள். எழுத்தின் வளைவை வைத்து எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடுவார், அதோடு அவர் வேலை முடிந்தது. கல் எதுவும் அவரிடம் பேர் கேட்டதில்லை. அவர் பழைய மிஷன் சபைக் குடும்பம். போனவர்கள் கர்த்தரிடத்தில் போனவர்கள், அவர்களுக்காக இங்கிருந்து செய்ய ஒன்றும் இல்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஆனந்தபாய் இறந்தபோது அது பெரிய ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் சௌகரியமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், மனைவியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் பேரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்பதை நினைத்தார். ‘அவ இருந்தப்போ’, ‘வீட்டுக்காரி’ என்றே ஒப்பேற்றியிருக்கிறார். எதிரில் இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

“ஆனந்தபாய்” என்று சொன்னார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. ஆனால் அடுக்களை முழுவதும், அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்து நிற்பதுபோல் இருந்தது. அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது. தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார். இத்தனை காலம் அவள் எங்கே நின்றிருப்பாள் என்ற நினைப்பை அவரால் தடுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனை முடிந்து வருவதற்குள் இருவரும் வந்து காத்திருந்தார்கள். அல்போன்சம்மா ஒரு பொதியில் நெய்மீன் கொண்டுவந்திருந்தாள். அதை வாங்கினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, வாங்காமலே சொன்னார். போன வாரமே புரிந்தது என்பதையும் மறைக்கவில்லை. தமிழிலும் நடுவில் மலையாளத்திலுமாக, அந்தப் பெண் சொன்ன வரிசையிலேயே, எதையும் மென்மையாக்காமல் சொன்னார். ஷெர்லி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அல்போன்சம்மா அழவில்லை. அவர் வாங்காத மீன் பொதியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“பட்டி கொரைக்குதுண்ணா சொன்னா?”

“ஆமா.”

“அவருக்குப் பட்டியிண்ணா பயம் சாரே.” இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “கடலுக்குப் பயமில்ல, காத்துக்குப் பயமில்ல. கரையில ஒரு சின்னப் பட்டி நிண்ணா, நான் போய்க் கூட்டிட்டு வரணும். அப்பிடி ஆளாக்கும். இத்தற வருசமா அங்க நிக்கணும்ணா…”

மீன் பொதியைக் கீழே வைத்துவிட்டு அவளே எழுந்தாள்.

“பேரச் சொல்லிக் குடுங்க. உள்ள விளிக்கச் சொல்லுங்க.”

குரல் வந்த வழியே திருப்பி அனுப்பலாம் என்று, அவர் தம் போனில் அந்தப் பெண்ணுக்குப் பர்மா மொழியில் ஒரு பதிலைப் பேசிப் பதிய ஆரம்பித்தார். நாங்கள் இந்தியாவின் தென்கோடியில் ஒரு கடற்கரையிலிருந்து பேசுகிறோம், அந்த மனிதர் எங்களவர், இது அவருடைய மனைவி, பேரை அவளே சொல்வாள். அதுவரைக்கும் பேசிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார். சொந்தக்காரர் வாயால் வருவதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் அவள் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. ஷெர்லி பிறந்த நாளிலிருந்து ‘ஷெர்லிக்க அப்பா’தான், அதற்கு முன்னால் ‘இஞ்சேருங்க’.

“நான் சொல்லுதேன் அம்மா” என்று ஷெர்லி போனுக்குக் கை நீட்டினாள்.

“வேண்டாம் மக்கா.”

அல்போன்சம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். “சகாயதாஸ்” என்றாள். யாரோ ஒருவரின் பேர்போல, பயந்து, உதட்டுக்குள்ளேயே வந்தது. போதாது என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். போனை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கி முற்றத்துக்குப் போனாள். தூரத்தில் வரும் வள்ளத்தைக் கரையிலிருந்து அழைக்கிறவர்கள் செய்வதுபோல், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

“சகாயதாஸே…! உள்ள கேறி வாங்க…! சகாயதாஸே…!”

அடுத்த விளையில் தென்னை மேல் இருந்தவன் கொடுவாளை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். சாலையில் போன ஸ்கூட்டர் ஒன்று தயங்கிப் பிறகு போனது. அல்போன்சம்மா கையை இறக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய் சற்றுத் திறந்திருக்க, காது கொடுத்து நின்றாள். சத்தியதாஸின் கையில் போன் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு மேலேயே அவர் விரல் இருந்தது. அவரும் காது கொடுத்து நின்றார்.