ஓரிரவுக்கு மேல் தங்கியோர்

பதவியேற்ற நாளிலிருந்தே அருளம்பலத்தாருக்கு இருந்த ஒரே கவலை, பதவி எப்போது போகும் என்பதுதான். 1989ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்த கையோடு, துணை அமைச்சர்கள் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் குறைவதாகக் கொழும்பில் யாருக்கோ தோன்றியது. கோப்பாயைச் சேர்ந்த ஓய்வுபெற்ற காணிப் பதிவாளரான அவர், அவ்வேளையில் பல் பிடுங்குவதற்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். பல் போயிற்று, சுற்றுலாத் துணை அமைச்சர் பதவி வந்தது.

வடபகுதி அவருடைய பொறுப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரமாக ஓர் அறை அலுவலகமாயிற்று. ஊழியர் ஒருவரே: குருநகர்ச் செபநாயகம், மாவட்ட அரசாங்கச் செயலகமான கச்சேரியில் முப்பதாண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவர். படிவத்தில் ஒரு கூட்டை வெறுமையாக விடுவதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றமாகவே கருதினார்.

செப்டெம்பரில் சுற்றறிக்கை வந்தது. பயணிகள் வராத பகுதிகளுக்குரிய துணை அமைச்சுப் பதவிகள் ஆண்டிறுதியில் ஒழிக்கப்படும். காலாண்டின் இறுதி நாளன்று தங்கியிருக்கும் பயணிகளின் தொகையை இணைக்கப்பட்ட படிவத்தில் நிரப்புக. பயணி யார் என்பதையும் படிவமே வரையறுத்திருந்தது: வேற்று நாட்டவர், ஓரிரவுக்கு மேல் தங்கியவர், இங்கே சம்பளம் பெறாதவர்.

"எத்தினை பேர் செபநாயகம்?"

"ஒருத்தருமில்லை ஐயா. போன மாசம் ஒரு வெள்ளைக்காரன் வந்தவன். அண்டைக்கே திரும்பிட்டான்."

"அப்ப பதவி போச்சு."

செபநாயகம் பேனாவை மூடவில்லை. வெளியே இந்திய அமைதிப்படையின் பார ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. கடைசி ஊர்தி மறையும்வரை அவர் பொறுமையாகப் பார்த்திருந்தார்.

"உவை வேற்று நாட்டவைதானே ஐயா?"

"ஓம்."

"ரெண்டு வருசமாத் தங்கியிருக்கினம். சம்பளமும் இஞ்சை எடுக்கேல்லை."

"விசர்க் கதை கதையாதையும்! உவை சுற்றுலாவுக்கோ வந்தவை?"

"படம் எடுக்கினம். சவுக்காரமும் றேடியோவும் வாங்கினம். வீட்டுக்குக் கடிதம் எழுதினம். வேறை என்னத்தை ஐயா ஒரு சுற்றுலாக்காரன் செய்வான்? வருகையின் நோக்கம் எண்ட கூட்டிலை 'ஏனையவை' எண்டு போடுவம்."

அருளம்பலத்தார் வரையறையை மூன்றுமுறை வாசித்தார். நாற்பதாண்டுகள் காணி உறுதிகளையும் எல்லைகளையும் சரிபார்த்த கண். ஓர் ஓட்டையும் அகப்படவில்லை. விதி இடங்கொடுக்கையில் மனச்சாட்சி குறுக்கே நிற்பது முறையன்று என்று முடிவு செய்தார்.

"நாப்பதினாயிரம் எண்டு போடும்."

"முழு எண் போட்டால் சந்தேகப்படுவாங்கள் ஐயா" என்ற செபநாயகம், அழகிய கையெழுத்தில் 38,417 என எழுதினார்.

அவ்வாண்டு தெற்கிலும் குழப்பம். கடற்கரை விடுதிகள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. நாடு முழுவதிலும் பயணிகள் தொகை ஏறியிருந்த ஒரே பகுதி யாழ்ப்பாணமாக இருந்தது. கொழும்பு மகிழ்ந்தது. பெர்லினில் நடந்த சுற்றுலாக் கண்காட்சிக்கு ஒரு வாசகம் எழுதித் தருமாறு துணை அமைச்சரிடம் கேட்டது. 'யாழ்ப்பாணம்: வந்தவர் எளிதில் திரும்புவதில்லை' என்று எழுதி அனுப்பினார். அதில் ஓரெழுத்தும் பொய்யில்லை.

ஆனால் வந்தவர்கள் திரும்பத் தலைப்பட்டார்கள். படை வெளியேறவேண்டும் என்பதில் அரசாங்கம், அதனை எதிர்த்துப் போராடியோர், சந்தைக்குப் போகமுடியாத பெண்கள் என எல்லாரும் அதிசயமாக ஒன்றுபட்டிருந்தனர். வருந்தியவர் தீவிலேயே அருளம்பலத்தார் ஒருவர்தான். 1990 மார்ச்சில், அருகிலிருந்த முகாமின் அதிகாரி விடைபெற வந்தார். கோயம்புத்தூர்க்காரர், தமிழர், மரியாதை தெரிந்தவர்.

"முப்பத்தோராந் திகதி வரைக்குமெண்டாலும் நிண்டு போகேலாதோ?" என்று அருளம்பலத்தார் கேட்டார்.

அதிகாரி திகைத்தார். இரண்டரை ஆண்டுகளில் அவரிடம் இப்படிக் கேட்டவர் எவருமிலர்.

"சார், எங்களைப் போகச் சொன்னதே உங்க அரசாங்கந்தானே?"

"அரசாங்கம் சொன்னது சரி. சுற்றுலா அமைச்சு அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

அதிகாரி அவருடைய கையை நெடுநேரம் பற்றிக் குலுக்கினார். அவ்வார இறுதியிலேயே கப்பலேறினார்.

மார்ச் முடிவில் செபநாயகம் கூட்டில் பூச்சியத்தை எழுதினார். அதையும் அழகாகவே எழுதினார். நூறு வீத வீழ்ச்சிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அருளம்பலத்தார் இரண்டு நாள் யோசித்து, 'பருவகாலம் நிறைவுற்றமையால் பயணிகள் தாயகம் திரும்பினர்' என்று பதில் எழுதினார். விளக்கம் ஏற்கப்பட்டது. விடுதிகளை ஆயத்தப்படுத்த வேண்டியிருப்பதால், அடுத்த பருவகாலம் தொடங்கும் திகதியை முன்கூட்டியே அறிவிக்கும்படி கொழும்பு கேட்டுக்கொண்டது.

அத்திகதியை அவர் அறிவிக்குமுன் ஜூனில் அரசாங்கத்துக்கும் போராளி இயக்கத்துக்கும் போர் மூண்டது. தபால் நின்றது, மின்சாரம் நின்றது. பதவி நீக்கக் கடிதம் எழுதப்பட்டாலும் வந்துசேர வழியில்லாததால், கோப்பாயில் அவர் துணை அமைச்சராகவே தொடர்ந்தார்.

அரசாங்கத்தின் ஆட்களை இயக்கத்தார் பெயர் குறித்துக்கொண்டு போகிறார்கள் என்ற செய்தி பரவிய ஒரு காலையில், துவக்கோடு இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்து இறங்கினர். அவர்களில் மூத்தவன் கையில் பெயர் எழுதும் கொப்பி இருந்தது. மனைவி மீனாம்பிகை முந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"தம்பியவை, இவர் பென்சன்காரர். ஒண்டிலையும் இல்லை."

"அமைச்சர் எண்டு கேள்விப்பட்டம்."

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டால் உயிர் தப்பும். அருளம்பலத்தார் சால்வையைச் சரிசெய்தார்.

"துணை அமைச்சர்" என்று திருத்தினார்.

மீனாம்பிகை தலையில் கைவைத்தாள்.

"எதுக்கு?"

"சுற்றுலாவுக்கு."

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"அதிலை என்ன வேலை ஐயா?"

"வாறவையை எண்ணுறது."

"இப்ப ஆர் வருகினம்?"

மூத்தவன் பேனாவை எடுத்தான், கொப்பியைப் பார்த்தான், திரும்பவும் அவரைப் பார்த்தான்.

"விடு மச்சான், கொப்பியிலை இடம் வீண்" என்றான் மற்றவன். "ஐயா, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம் இருக்கோ?"

மீனாம்பிகை பம்மைக் கொண்டுவந்து கொடுத்தாள். காற்றடித்துக்கொண்டு அவர்கள் போனபின் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்தாள். அருளம்பலத்தார் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"இஞ்சாருங்கோ, உயிர் தப்பினதுக்கு ஆரும் கோவிப்பினமோ?"

"பேரையெண்டாலும் எழுதியிருக்கலாம்" என்றார் அவர்.