பத்தொன்பதாம் அத்தியாயத்து நாய்

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் நீளும் ஒரு பெண்ணின் தனிமைக்கு நோட்ஸ்காரர் வைத்திருந்த விலை, ஒரு காப்பியின் விலை. மூன்று நாவலாக எடுத்தால் நாலாவது இலவசம்.

அமெரிக்க இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் ஓர் இணையதளம் நடத்தினார். நாற்பத்தோரு புத்தகங்கள் அதில் பிழிந்து, உலர்த்தி, பொட்டலம் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அத்தியாயச் சுருக்கம், பாத்திரங்களின் குணம், ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து மதிப்பெண் கேள்வி, கடைசி நேரத்தில் கண்ணை ஓட்ட ஒரே பக்கம் என்று வகை வகையாகச் சரக்கு. தளம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, இரண்டு கணினி, ஒரு மின்விசிறி. கீழே கம்பி அறுக்கத் தொடங்கினால் மேலே ஒரு துன்பியல் நாடகம் பாதியில் நிற்கும்.

கணினி வேலையெல்லாம் மனைவியின் தம்பி பொறுப்பு. அவனை அவர் மச்சான் என்று கூப்பிடுவார். வாக்குவாதம் வந்தால் மட்டும் "பார்ட்னர்" என்பார்.

அந்தத் தொழிலில் கள்ளன் வெளியிலிருந்து வருவதில்லை, பக்கத்துக் கடையிலிருந்துதான் வருவான். காலையில் இவர் ஒரு சுருக்கத்தை ஏற்றினால், சாயங்காலம் அது வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு இன்னொரு தளத்தில் நிற்கும். கேட்டால், "கதை ஒண்ணுதானே சார், சுருக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்பார்கள். பதில் சொல்ல முடியாது. இவரே தொடக்க காலத்தில் நாலு பேரிடம் அதைச் சொன்னவர்.

வழி கண்டுபிடித்தவன் மச்சான்.

"மாமா, நம்ம சரக்குல நாமளே ஒரு கல்லைப் போட்டு வெப்போம். அவன் அள்ளிட்டுப் போறப்ப கல்லும் கூடவே போகும். அப்புறம் பிடிச்சுக்கலாம்."

"பிள்ளைங்க பல்லு உடைஞ்சா?"

"எங்க உடையப் போகுது? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க மெல்லுறதே இல்ல மாமா. முழுங்குதுங்க."

அன்றிலிருந்து புத்தகத்துக்கு ஒரு பொய் என்று விதி வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் கெடுதல் செய்யாத பொய். பரீட்சையில் எவரும் கேட்க மாட்டார்கள் என்று நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொய். ஒரு நாவலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஆக்கினார்கள். இன்னொன்றில் மாமியாருக்குப் பச்சைக் குடை கொடுத்தார்கள். நாற்பத்தோரு பொய்களையும் பட்டியல் போட்டு, உறையில் வைத்து அரக்கு முத்திரை இட்டு, நோட்ஸ்காரர் தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டார். தபால் முத்திரையில் தேதி இருக்கும். வழக்கு என்று வந்தால் நீதிபதி முன்னால்தான் உடைக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அந்தத் தடிப் புத்தகத்துக்கு வந்த பொய்தான் நாய். புருஷனை இழந்த ஒருத்தி, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் விடியற்காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். "ஒரு பழுப்பு நாய் நிலையம் வரை அவள் பின்னாலேயே வருகிறது" என்று நோட்ஸ்காரர் ஒரு வரி சேர்த்தார். ஒரே வரி. அந்த நாய்க்கு அர்த்தம் இருப்பதாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

ஆனால் குடைக்கும் கடிகாரக்காரருக்கும் இல்லாத ராசி நாய்க்கு இருந்தது. முதலில் திருடியவன் அப்படியே எடுத்துக்கொண்டான். இரண்டாமவன் திருடியது தெரியக்கூடாது என்று அதைக் கறுப்பு நாய் ஆக்கினான். மூன்றாமவன் நொண்ட வைத்தான். பாடம் நடத்திக் காணொளி போடும் ஓர் அம்மையார், நாய் என்பது செத்துப்போன புருஷன்தான் என்று பதினெட்டு நிமிடம் பேசினார். கடைசியில் அவர் குரலே தழுதழுத்தது. "நாய்: ஒரு தேசத்தின் மனசாட்சி" என்று கட்டுரை வந்தது. மச்சான் சுவரில் ஒரு தாளை ஒட்டி, நாய் போன இடமெல்லாம் குறித்துக்கொண்டே வந்தான். பதினான்கு தளம் ஆயிற்று.

"மாட்டிக்கிட்டானுங்க மாமா, கொத்தா மாட்டிக்கிட்டானுங்க!"

"பொறு. இன்னும் ரெண்டு சேரட்டும்" என்றார் நோட்ஸ்காரர். பிறந்த வீட்டைவிட்டுப் போய்ப் பெரிய பதவிக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாய் நேரே பொதுத்தேர்வுக்குள் போயிற்று.

அவருடைய மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்க இலக்கியம்தான் எடுத்திருந்தாள். அப்பாவின் தளத்தை அவள் தொட மாட்டாள். அது தயாராவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். பரீட்சை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அப்பா, பத்து மார்க் கேள்வி. 'கதாநாயகியைப் பின்தொடரும் நாய் எதைக் குறிக்கிறது?' எந்த நாய்ப்பா?"

நோட்ஸ்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். "நீ என்னம்மா எழுதின?"

"நாய் இல்லைன்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா?"

"ரெண்டு பக்கம் எழுதினேன். அந்தத் தெருவுல அவ மூணு தடவை திரும்பிப் பாக்கிறா. ஒருத்தரும் வரலை. ஒருத்தரும் வராததுதானே அந்த அத்தியாயமே! நாய் கூட வந்தா அப்புறம் அவ எதுக்கு ரயிலேறணும்? வீட்டுக்குத் திரும்பியிருப்பாளே."

நோட்ஸ்காரருக்கு அது செய்தி. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

"நாய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு நடுவுல நின்னு எழுதியிருந்தா ஒரு அஞ்சாவது தேறியிருக்குமேம்மா."

"பேரம் பேசாதீங்கப்பா. இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்லை." அவள் கைப்பேசியை நீட்டினாள். "உங்க தளத்துலயும் இருக்கு. நீங்களும் அவங்களைப் பாத்துதான் காப்பி அடிச்சீங்களா?"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. பதினான்கு பேர் காப்பியடித்த மூலகர்த்தாவைப் பார்த்து, பெற்ற மகள் கேட்கிற கேள்வியா? அந்த நாய் என் நாய் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. தண்ணீரை எடுத்து மீதியையும் குடித்து உள்ளே தள்ளினார்.

முடிவு வந்தது. நூற்றுக்கு எண்பத்து நாலு. நாய்க் கேள்விக்குச் சுழி. அவள் ஆசைப்பட்டது அரசுக் கல்லூரியில் இலக்கியப் படிப்பு. மொத்தமே முப்பது இடம். முப்பதாவது இடம் தொண்ணூற்றில் நின்றது. அவள் அழவில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதினாள். நேரில் வரச்சொல்லிக் கடிதமும் வந்தது, பெற்றோர் ஒருவருடன்.

முந்தின நாள் மச்சான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உறையை உடைச்சா ரெண்டு நஷ்டம் மாமா. ஒண்ணு, கேஸ் போச்சு. ரெண்டு, நாய் மட்டுமா வெளியில வரும்? குடை வரும், கடிகாரம் வரும், நாப்பத்தொண்ணும் வரும். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நம்மகிட்ட வாங்கும்? கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"நான் உடைக்கிறேன்னு சொன்னேனா, பார்ட்னர்?"

"அப்புறம் எதுக்குப் பையில வெக்கிறீங்க?"

"சும்மா. கைக்குக் காவலா."

தேர்வுத் துறை அலுவலகத்தில் நீண்ட மர பெஞ்சு, டோக்கன் நம்பர், தண்ணீர் வராத குழாய். உள்ளே மறுமதிப்பீட்டு அதிகாரி ஒருவர், கண்ணாடி போட்ட மேசை, அடுக்கடுக்காகப் பழுப்புக் கோப்பு. மகள் தடிப் புத்தகத்தைப் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திறந்து அவர் முன் வைத்தாள்.

"நாய் இல்லைன்னு எதை வெச்சும்மா சொல்றே?"

"புத்தகத்தை வெச்சு சார்."

"புத்தகம் ஒண்ணு." அதிகாரி கோப்பைத் தட்டினார். "வினாத்தாள் தயாரிச்சவர் பதினஞ்சு தளத்தை ஆதாரம் காட்டியிருக்கார். ஒண்ணுக்குப் பதினஞ்சு. நீயே சொல்லு."

பதினைந்தாவது யார் என்று நோட்ஸ்காரர் ஒரு கணம் யோசித்தார். அவரேதான்.

"சார், ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ஆறு பக்கம்தான்."

"நான் கணக்குப் படிச்சவன்மா. இலக்கியத்துல எல்லாம் அபிப்பிராயம்தானே? பரீட்சை எழுதின பதினோராயிரம் பேருக்குத் தெரிஞ்ச நாய் உனக்கு மட்டும் தெரியலைன்னா, கண்ணைத்தான் சந்தேகப்படணும்." அவர் முத்திரைக் கட்டையை எடுத்தார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரை அது. தலைகீழாகவே படிக்க முடிந்தது.

மகள் புத்தகத்தை மூடவில்லை. திறந்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நோட்ஸ்காரர் பையைத் திறந்தார்.

"சார், முத்திரையைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த நாய் என்னோடது."

அதிகாரி அரக்கைப் பார்த்தார், தபால் தேதியைப் பார்த்தார், தானே உறையைக் கத்தரித்தார். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பதினேழாவது வரியில் விரல் நின்றது: "அத்தியாயம் பத்தொன்பது. பழுப்பு நாய். கற்பனை." தேர்வுக்கு இரண்டு வருடம் முந்தின தேதி.

"பச்சைக் குடையும் பொய்யா?" என்றார் அதிகாரி. குரலில் வருத்தம் இருந்தது.

"ஆமா சார்."

"நீங்களாவது இந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சிருக்கீங்களா?"

வெளியே பெஞ்சில் இருந்த யாரோ இருமினார்கள். தான் சரக்கு வாங்கும் விலையை எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவர் நோட்ஸ்காரர். ஆனாலும் பக்கத்தில் மகள்.

"நாற்பது பக்கம்."

"அப்ப எழுநூறு பக்கத்துக்குச் சுருக்கம் எப்படி எழுதினீங்க?"

"பின்னட்டையில கொஞ்சம் இருந்துச்சு சார். பழைய வினாத்தாள்ல கொஞ்சம் இருந்துச்சு. மிச்சத்தை..." அவர் கையை விரித்தார். மிச்சத்தை எங்கேயிருந்து எடுத்தார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

மகள் நாய்க்குத் திடுக்கிடவில்லை, நாற்பதுக்குத்தான் முகம் சுருங்கினாள்.

எழுந்து போகும்போது அதிகாரி அவரை மட்டும் ஓரமாக அழைத்தார். "இந்தப் பட்டியல் கோப்புக்குப் போயிடும். எனக்கு ஒரு நகல் கிடைக்குமா? என் பையன் பதினொண்ணாவது. உங்க தளம்தான்."

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. தேர்வுத் துறை தவறு செய்ததாக அதில் எங்கும் இல்லை. "நாவலின் பதிப்புகளிடையே வேறுபாடு இருப்பதால்" கேள்விக்கு விடை எழுத முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண் என்று இருந்தது. ஆக, உலகத்தில் எங்கேயோ நாய் உள்ள பதிப்பு ஒன்றும் அரசாங்க முத்திரையோடு பிறந்துவிட்டது.

நோட்ஸ்காரர் தளத்தின் முகப்பில் அறிவிப்புப் போட்டார்: பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நாய் இல்லை, தவறுக்கு வருந்துகிறோம். இரண்டு மணி நேரத்தில் பதினான்கு தளங்களிலும் நாய் இல்லை. பதினான்கு தளங்களும் வருந்தின, அதே எழுத்தில், அதே வரிசையில். பழுப்பைக் கறுப்பாக்கியவன் மட்டும் "ஆழ்ந்து" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தான். அந்த மாதம் இவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் விலகி அந்தப் பதினான்கு பேரிடம் போனார்கள்.

"யோக்கியனுக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாத்தீங்களா மாமா?" என்றான் மச்சான்.

"நாம என்னைக்கு யோக்கியன் ஆனோம்? ஒரு நாள் மத்தியானம் ஒரு மணி நேரம். அதுக்கு இவ்வளவு மரியாதை போதும்."

புதுத் தரவரிசையில் எல்லோரும் ஏறியிருந்தார்கள். நாயை ஏழு மதிப்பெண்ணுக்கு வளர்த்தவர்களெல்லாம் மூன்று ஏறினார்கள். முப்பதாவது இடம் தொண்ணூற்று மூன்றுக்குப் போயிற்று. மகள் பத்து ஏறித் தொண்ணூற்று நாலில் நின்றாள். சேர்க்கைக் கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமான் அலமாரியில், பத்திரமான டப்பாவில் வைத்தாள்.

மகளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "நாய் இருக்குன்னவங்களுக்கும் பத்து, இல்லைன்ன எனக்கும் பத்து. நல்லா இருக்குப்பா நியாயம்."

"இடம் கிடைச்சுதுல்ல? சரக்கு கைக்கு வந்தப்புறம் தராசைத் திட்டக்கூடாதும்மா."

"தராசை விடுங்க. உங்க கணக்குக்கு வருவோம்." கை கழுவிவிட்டு வந்தவள் தடிப் புத்தகத்தை அவர் மேசையில், கணினிக்கு முன்னால் வைத்தாள். முதல் தாளில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "பழைய நாப்பது செல்லாது. மறந்திருப்பீங்க. முதல்லேர்ந்து."

"சலுகை ஒண்ணும் கிடையாதா?"

"வட்டி போடலைன்னு சந்தோஷப்படுங்க."

நோட்ஸ்காரர் அந்த வாரம் உட்கார்ந்தார், எழுந்தார், கம்பி அறுக்கும் சத்தத்தைக் குறை சொன்னார், கண்ணாடியைத் துடைத்தார், படித்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் கணக்குப் பார்க்க வந்தாள். மூன்று பக்கம் என்றார். அவள் புரட்டிப் பார்த்தாள்.

"ரெண்டாவது பக்கம் முழுக்கப் படம்ப்பா."

"படத்தையும் பாத்தேன்லம்மா. நல்லா உத்துப் பாத்தேன்."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பென்சிலை எடுத்து, அவர் கண் முன்னாலேயே எழுதினாள்:

மொத்தம் 712. படித்தது 3. படம் கழிவு 1. வரவு 2. பாக்கி 710.