மான் வைத்திருந்த தூரம்

புல்லுக்கு மேலே இரண்டு காதுகள். முதலில் அவ்வளவுதான் தெரியும். வெயில் ஏறி, புல்மேல் படிந்த பனி விலக விலகக் கழுத்து தெரியும், வயிறு தெரியும். அதற்குள் அது என்னைப் பார்த்திருக்கும்.

அந்தப் புல்வெளியில் ஆள் எவ்வளவு நெருங்கினால் வெளிமான்கள் ஓடுகின்றன என்று அளப்பது என் ஆராய்ச்சி. நேராக, ஒரே சீராக நடப்பேன். மான் ஓடியதும் நிற்பேன். அங்கிருந்து அது முதலில் நின்ற இடம்வரை காலடிகளை எண்ணுவேன்.

"மானுக்கு அளவெடுத்துச் சட்டையா தைக்கப் போறீய?" என்பார் வனக்காவலர் தளவாய்.

ஓடினால் புல் போகும். நின்றால் உயிர் போகும். ஓடிக்கொண்டே இருந்தால் மடியில் பால் ஊறாது. இதற்கெல்லாம் நடுவே ஒவ்வொரு மானும் தனக்கென்று ஒரு தூரம் வைத்திருக்கிறது.

காது கிழிந்த பெண்மான் ஒன்று. மார்கழியில், முதல் நாள், நூற்றுப்பத்து காலடியில் ஓடியது.

ஒரே மானிடம் திரும்பத் திரும்பப் போகக் கூடாது. பழகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். தினமும் அதே பச்சைச் சட்டை, அதே நடை.

எண்பது. ஐம்பத்தைந்து. முப்பது.

மாசியில் குட்டியோடு நின்றது. பதினெட்டு காலடி. அது புல் மெல்லும் சத்தம் கேட்டது. என்னை நம்புகிறது என்று நினைத்தேன். பெருமை தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

தளவாய்க்குப் பிடிக்கவில்லை. "அது ஓடட்டும் மேடம். பயம் இருந்தாத்தான் பொழைக்கும்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேனே அண்ணே."

"நீங்க பண்ண மாட்டீய. ஆளுக்கு ஆளு வித்தியாசம் அதுக்குத் தெரியுமா?"

நான் சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பங்குனியில் ஒரு விடியலில் மழை. ஓயட்டும் என்று காத்திருந்து தாமதமாகப் போனேன். எனக்கு முன்பே ஒருவன் நடந்திருந்தான்.

ஈர மண்ணில் எல்லாம் தெரிந்தது. அவன் பதுங்கவில்லை. ஓடவில்லை. நேராக, ஒரே சீராக, என்னைப் போலவே நடந்து வந்திருக்கிறான். ஒரு தோட்டா உறை கிடந்தது. அதற்கு எதிரே, காது கிழிந்த மான் வழக்கமாக மேயும் இடத்தில், ரத்தம். மானைத் தூக்கிப் போயிருந்தான். குளம்புத் தடங்கள் ஒரே இடத்தில் இருந்தன. அது திரும்பக்கூட இல்லை.

எண்ணினேன். பழக்கம் விடவில்லை. பதினேழு காலடி.

தளவாய் என்னைத் திட்டியிருக்கலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்றார். அவ்வளவுதான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். நான் மேயவில்லை. வேலியைப் பிரித்துப் போட்டேன்.

நான்காம் நாள் குட்டியைப் பார்த்தேன். என்னைக் கண்டு கூட்டம் ஓடியது. குட்டி ஓடவில்லை. தாயிடம் கற்றது அதுதான். இருபது காலடியில் நின்று பார்த்தது. கத்தினேன். கை தட்டினேன். காதை மட்டும் ஆட்டியது.

மண்கட்டி எடுத்து எறிந்தேன். விலாவில் பட்டது. கொஞ்ச தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே இன்னொன்று எறிந்தேன். மறுநாளும் எறிந்தேன். அதற்கு மறுநாளும்.

நாற்பது. எழுபது. சித்திரை வெயிலில் தொண்ணூறு.

ஊருக்குத் திரும்பும் நாளில் தளவாயோடு போனேன். பச்சைச் சட்டை கண்ணில் பட்டதுமே குட்டி பறந்தது. நூற்று நாற்பது.

"இனி பொழைச்சிக்கிடும்" என்றார் தளவாய்.

என்னை மன்னித்துவிடு என்று அதனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. குரலைக் கேட்டு நின்றாலும் நின்றுவிடும். சொல்லவில்லை.