பட்டுப்பூச்சிக்கு ரப்பிங் டெஸ்ட்

போட்டோவைப் பார்த்து ஷேடு போடச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2007-லேயே திருப்பூர் அருள்புரத்துச் சாயப்பட்டறை லேபில் இருபது வருஷம் முடித்தவன் நான். கம்ப்யூட்டர் பாஸ் சொன்ன ஷேடைக் கண்ணால் பார்த்தே ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். அந்தத் திமிரில்தான், "ஒரிஜினல் சேம்பிள் இல்லாம முடியாதுன்னு எழுதீரு கண்ணு" என்று, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் நதியாவிடம் சொன்னேன்.

பெரு நாட்டு மியூசியம் ஒன்றுக்கு மூவாயிரம் டி-ஷர்ட். ஒரு பூச்சியின் நிறத்திலேயே வேண்டுமாம். போட்டோவை வைத்து இரண்டு தடவை சாயம் போட்டு அனுப்பினோம், இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவது தடவை பூச்சியே வந்துவிட்டது. அந்த மியூசியத்தில் அதை ஆராய்கிற எலேனா என்ற அம்மா, பெங்களூரில் ஒரு நிபுணரிடம் காட்டக் கொண்டுபோகிற வழியில், என் பிடிவாதத்துக்காகத் திருப்பூரில் இறங்கினார்.

அவர் பெட்டியைத் திறந்து காட்டிப் பேசப் பேச, நதியா தமிழில் சொன்னாள். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் வாழும் பட்டுப்பூச்சி வகை. குளிருக்குத்தான் உடம்பெல்லாம் அவ்வளவு ரோமம். புழுவாக இருக்கும்போது தின்றதோடு சரி, இறக்கை முளைத்தபின் சாப்பிட வாயே கிடையாது. சில நாட்களுக்குள் ஜோடி தேடி முட்டையிட்டுச் செத்துவிடும்.

"சாப்பாட்டு பெல்லே வேண்டாம், நம்ம கம்பெனிக்கு ஏத்த ஆளு" என்றேன். நதியா சிரித்தாள்.

பூச்சிக்கு இன்னும் பெயர் இல்லை. இது புது இனம் என்று இறக்கைக் கோடுகளை வைத்து நிரூபித்து, அச்சில் வந்தால்தான் பெயர் நிற்குமாம். அந்தப் பெயருக்குச் சாட்சியாக இந்தப் பூச்சி மியூசியத்தில் இருக்க வேண்டும். நான்கு வருஷம் தேடியும் இரண்டாவது கிடைக்கவில்லை. இதைப் பிடித்துக் கொடுத்த சபீனோ என்ற ஆடு மேய்ப்பவர் போன வருஷம் இறந்துவிட்டார்.

"அவரு பேரத்தான் வைக்கப் போறாங்களாம், வெள்ளியங்கிரி அண்ணாச்சி. அவருக்கு ஒரு போட்டோகூட இல்லையாம்" என்றாள் நதியா.

தொட வேண்டாம், பார்த்தால் போதும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, இருவரும் முதலாளியைப் பார்க்கப் போனார்கள்.

பூச்சியை ஊசியோடு வெளியே எடுத்து, விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். ஒரு விளக்கில் காப்பிப்பொடி நிறம், இன்னொன்றில் ரோஸ் அடித்தது. என் கண்ணுக்குப் பிடிபடாத ஷேடு! எரிச்சலாக வந்தது. எங்கள் லேபில் எந்த ஷேடு கைக்கு வந்தாலும் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒரு தேய்ப்புத் தேய்ப்போம், சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க. வெள்ளையில் நிஜ நிறம் தெரியும் என்று நினைத்தேனா, வெறும் கைப்பழக்கமா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. மெதுவாகத்தான் தேய்த்தேன்.

நிறம் மொத்தமும் துணிக்கு வந்துவிட்டது. இறக்கையில் நிறம் என்பதே பொடிதான் என்று நான் எங்கே கண்டேன்? கோடு, புள்ளி எதுவும் மிச்சமில்லை. கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வுதான் இருந்தது. பதறிப்போய்ப் பெட்டியில் திருப்பி வைக்கையில் விளிம்பில் இடித்து, மறுபக்க இறக்கையும் நொறுங்கியது. துணியைப் பேன்ட் பையில் திணித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்த எலேனா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நதியா என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தொட்டியளா?"

"நா எதுக்குக் கண்ணு தொடறேன்? தூக்கி வெக்கறதுக்குள்ள தானா உதுந்துருச்சு."

அந்த அம்மா நம்பிவிட்டார். விமானம், கார், வெயில் என்று இவ்வளவு தூரம் அலைத்தது தன் தப்புதான் என்றார். ஒரு நிறத்துக்காக சபீனோவின் பெயரைத் தொலைத்துவிட்டேனே என்று அழுதார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பூச்சி திரும்பியிருக்காது, ஆனால் பழி என் தலையில் நின்றிருக்கும். வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காரில் ஏறும்முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"ஒங்க நேரத்த வீணாக்கிட்டாங்களாம். மன்னிக்கச் சொல்லுதாங்க அண்ணாச்சி" என்றாள் நதியா.

"அதனால என்னங்க, பரவால்லீங்க" என்றேன்.