இரட்டைக் கல்லறைக்கு ஒரு மாதிரிப் படம்

ஆரோக்கியதாஸ் வாத்தியாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: வரைபடம் புரிகிறவர்கள், புரியாதவர்கள். முதல் வகையில் அவர் ஒருவர் மட்டுமே இருந்ததால் இரண்டாம் வகையில் கூட்டம் கொஞ்சம் அதிகம். கொத்தனார், தச்சர், முனிசிபாலிட்டி இன்ஜினீயர், பங்குச் சாமியார், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ரொனால்டு எல்லாரும் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசைக்குத் தலைமை தாங்கியவர், அவர் கணக்கில், மனைவி புஷ்பமேரி. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றது கைதான். வாய் இன்னும் சர்வீஸில்தான் இருந்தது.

2008 ஜூனில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் புதிதாக நிலம் வாங்கியாயிற்று. கணவன் மனைவி ஒரே கல்லறையில் அடங்க ஆசைப்பட்டால் இரட்டை இடம் ஒதுக்கப்படும். ஆனால் இருவரும் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்து வந்து, அவரவர் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளோடு கெடு முடிகிறது. ஒருவர் கண்ணை மூடியதும் இன்னொருவரின் அண்ணன் தம்பிகள் குழிமேட்டில் வந்து நின்று பஞ்சாயத்துப் பேசியதில் சாமியார் அவ்வளவு நொந்துபோயிருந்தார்.

வாத்தியார் அன்று சாயங்காலமே படம் போட்டுவிட்டார். மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று மூன்று தோற்றங்கள். புஷ்பமேரி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள். "பாப்போங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அவரைக்காயிடம் போய்விட்டாள்.

வாத்தியார் விடவில்லை. புள்ளிக் கோடு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் விளிம்பு என்று தொடங்கி, அவரைக்காய் வெஞ்சனம் வெந்து இறங்கும்வரை விளக்கினார். மறுவாரமும் விளக்கினார். புஷ்பமேரி முதல் தடவை "பாப்போம்" என்றாள், இரண்டாம் தடவை "இன்னும் நாள் இருக்குல்ல" என்றாள். பாவம், புரியவில்லை என்று வாத்தியார் முடிவு கட்டினார். ஒரு காரியம் நடக்காவிட்டால் எதிராளிக்குப் புரியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே கிடையாது. இவளுக்குக் கோடு போட்டுக் காட்டினால் ஆகாது, நிஜம்போலவே காட்ட வேண்டும் என்று தோன்றியது.

நிஜம்போலக் காட்டுவதற்கென்றே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கீழே மோட்டார் காயில் கட்டும் கடை, மாடியில் எதிர்காலம். ஏறிப் போனால் வார்னிஷ் நெடியும் கூடவே ஏறி வரும். பேகம்பூர் பையன் மீரான் அங்கே 3டி சொல்லிக்கொடுத்தான். டிப்ளமோ முடித்து வேலைக்குக் காத்திருந்த பையன்களுக்கு நடுவே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாத்தியார் போய் உட்கார்ந்தார். புதிதாக வந்த பையன்கள் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அவரும் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார்.

முதல் வாரம் மௌஸைப் பிடிப்பதிலேயே போயிற்று. கரும்பலகையை அழிக்கிற டஸ்டரைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்து, மேசை முழுக்கத் துடைத்தார். இரண்டாம் வாரத்திலிருந்து மீரானைத் திருத்த ஆரம்பித்தார். பார்வைக்கோணம் என்றால் என்ன, மறையும் புள்ளி என்றால் என்ன என்று அவர் பாடம் எடுக்க, ஃபீஸ் கட்டிய பையன்கள் வேறு வழியில்லாமல் குறிப்பெடுத்தார்கள். மீரான் நல்ல பையன். அவர் தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்துத் தன் பாடத்தை நடத்தினான்.

வாத்தியார் மனசில் இருந்த கல்லறை சாதாரணக் கல்லறை இல்லை. கருங்கல்லில் ஒரு கட்டில். தலைமாட்டில் இரண்டு கல் தலையணை, தலை வைத்து அழுந்திய பள்ளத்தோடு. இரண்டையும் சேர்த்துப் போர்த்திய ஒரே கல் போர்வை, அது ஓரங்களில் மடிப்பு மடிப்பாகச் சரிந்து தரையைத் தொட வேண்டும். பெட்டி, உருளை என்று சேர்த்துக் கட்டினால் இந்த மடிப்பு வராது என்றும், வளைகோடுகளை வரைந்து அவற்றின் மேல் ஒரு பரப்பை இழுத்து மூட வேண்டும் என்றும், அதற்கு சர்ஃபேஸ் மாடலிங் என்று பெயர் என்றும் மீரான் சொன்னான்.

"சார், ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இது வெறும் தோலு மாதிரி. கனமே கிடையாது. உள்ள ஒண்ணும் இருக்காது" என்றான்.

வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருந்தால் தனக்குப் போதும் என்றார் வாத்தியார். அவர் குடும்பம் நடத்திய லட்சணமும் ஏறக்குறைய அதுதான்.

போர்வை ஒரு மாதத்தை விழுங்கியது. ஒரு வளைகோட்டை நகர்த்தினால் இன்னொரு பக்கம் துணி முறுக்கிக்கொண்டது. தலையணையும் போர்வையும் சேருகிற இடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒட்டவில்லை என்று மீரான் பெரிதாக்கிக் காட்டினான். தள்ளி நின்று பார்த்தால் தெரியாதில்லையா என்று வாத்தியார் கேட்டார். தெரியாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்தது ரெண்டரிங். செய்து வைத்த உருவத்துக்குக் கல்லின் நிறமும் பளபளப்பும் வெயிலும் நிழலும் கொடுத்துப் புகைப்படம்போல ஆக்குகிற வேலை. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படத்தை இறக்கும். தமிழ்நாடு பூராவும் கரண்ட் தவறாமல் போன வருஷம் அது. வானம் வரும், பின்னணிக்கு வைத்த சிறுமலை வரும், தலையணை எட்டிப் பார்க்கும், கரண்ட் போய்விடும். யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். மறுபடி வானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாத்தியார் தன் தலையணையை நாலைந்து தடவை பார்த்தார், போர்வையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அசல் கல் இவ்வளவு மினுங்காது, பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மீரான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மேகம் தெரிகிற அளவுக்குக் கருங்கல் பளபளத்தது. கிழக்கு வெயில் போட்டார். கால்மாட்டில் ரோஜா போட்டார். தலைமாட்டில் சிலுவைக்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஆரோக்கியதாஸ், ஓவிய ஆசிரியர் (ஓய்வு)' என்றும், அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் 'மனைவி புஷ்பமேரி' என்றும் செதுக்கினார். ஊரில் தெரிந்தவர்களிடமெல்லாம், ஏன் சாமியாரிடமேகூட, இரட்டை இடம் தனக்கு உறுதி என்று சொல்லிவிட்டார். படத்தை அவள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கரண்ட் மனசு வைத்தது. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, லேமினேஷன் போட்டு, மேட்டுப்பட்டி வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார். புஷ்பமேரியைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள்.

"நெசமாவே கட்டிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றாள்.

வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. போர்வையின் மடிப்பில் தொடங்கி, வெயில் விழும் கோணத்துக்கு வந்து, கல்லில் மேகம் தெரிவதன் சூட்சுமம்வரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். இப்போதாவது புரிகிறதா என்று கேட்டார்.

புஷ்பமேரி கண்ணாடியைக் கழற்றினாள். "மொத நாளு மூணு படம் போட்டீங்களே, அதுலயே புரிஞ்சிருச்சுங்க. புள்ளி புள்ளியா இருந்தது குழி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு."

"அப்ப ஏன் பாப்போம்னு சொன்ன?"

"வேணாம்னு சொன்னா, ஏன் வேணும்னு வெளக்குவீங்க. அதுக்கு இது தேவலன்னு இருந்துட்டேன்."

தன்மேல் கோபமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லங்க. நல்லாத்தான் வச்சிருந்தீங்க, சோறு துணிக்குக் கொற கிடையாது. ஆனா கலியாணம் கட்டுன நாள்லருந்து நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். அங்கயாச்சும் தனியாப் படுத்துக்கிறேன்."

அவ்வளவுதான். சண்டைக்கு நிற்கவுமில்லை, அழவுமில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் தனக்கும் நடுவே இத்தனை வருஷமாக இருந்த இடைவெளியை வாத்தியார் பார்த்ததேயில்லை. சேர்ந்து அடங்குவதன் மேன்மையைப் பற்றி விளக்கமாகச் சொல்ல அவரிடம் நிறையவே இருந்தது. வாயைத் திறந்தார். அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். அப்படி ஒரு வேலையை அந்த வாய் அதற்குமுன் செய்ததில்லை.

கெடு முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாமியார் குடியிருந்த பங்களாவுக்குப் போனார்கள். வாத்தியார் வருவதைப் பார்த்ததும் சாமியார் அடுத்து வந்தவர்களை அரை மணி கழித்து வரச் சொல்லிவிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இரட்டை இடம்தானே என்று கேட்டார்.

"தனித்தனியா, சாமி. அவளுக்கு எந்த எடம் வேணும்னு அவகிட்டயே கேளுங்க" என்றார் வாத்தியார்.

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். புஷ்பமேரி யோசிக்கவே இல்லை. வடக்குச் சுவரோரம் ஒரு புங்கமரம் நிற்கிறது, அதன் அடியில் என்றாள். எப்போது போய்ப் பார்த்துவைத்தாள் என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. அவருக்கு எங்கே வேண்டும் என்று சாமியார் கேட்டதற்கு, மிச்சம் இருப்பதில் ஏதாவது ஒன்று என்றார். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. அந்த அரை மணியை என்ன செய்வதென்று தெரியாமல் சாமியார் இரண்டு பேருக்கும் காபி வரவழைத்தார்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். வழியில் ஒரு கடையின் பெயர்ப்பலகை கோணலாகத் தொங்கியது. வாத்தியார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்பமேரி இரண்டு மூன்று தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். தெருமுனை வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, பேசாமயே வாரீங்க. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் நம்பவில்லை. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.