நாலாம் கவுன்டரின் நாற்பத்தொரு இருக்கைகள்

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் பதினெட்டுப் பேரையும் செக்-இன் கவுன்டருக்குப் பின்னால் உள்ள அறைக்குக் கூப்பிட்டார்கள். நிறுவனம் குத்தகைக்கு எடுத்த மூன்று விமானங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஹைதராபாத்தில் ஐந்து பேர் வேலையை விட்டுப் போக வேண்டும். மேலாளர் பிரசன்னா ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். முதல் பெயர் சுமலதா அக்கா.

காரணத்தையும் வாசித்தார். ஜனவரியிலிருந்து, பணம் கட்டாமல் யாருக்கும் இருக்கை மாற்றிக் கொடுக்கக் கூடாது. குடும்பமாக வந்தாலும் கணினி எங்கே உட்கார வைக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். அக்காவின் பெயரில் ஆறு மாதத்தில் நாற்பத்தொரு இலவச மாற்றங்கள் இருந்தன.

"நாப்பத்தொண்ணா?" என்றாள் அக்கா. "அவ்ளோவா குடுத்தேன்?"

"தர்ம சத்திரமே நடத்தியிருக்கீங்க மேடம்," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் பிரசன்னாவின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கவுன்டர்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் வருபவர் தன் பெயரில் கணினியைத் திறப்பார். அதன்பின் யார் உட்கார்ந்தாலும் அதே பெயரில்தான் வேலை நடக்கும். ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைவதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும், அதற்குள் வரிசை கத்தத் தொடங்கிவிடும். நாலாம் கவுன்டரை நானும் அக்காவும் மாறி மாறிப் பார்த்தோம். தினமும் அக்காதான் எனக்கு முன்னால் வருவாள்.

நான் செகந்திராபாத்தில் மாலை வகுப்பில் பி.காம் படிக்கிறேன். வகுப்பு தொடங்குமுன் அன்று நடந்ததை நோட்டில் எழுதிவிடுவேன். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. மார்ச் 9-ல் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆறு வயதுப் பெண் 27-ஆம் வரிசை, அம்மா 4. சேர்த்து உட்கார வைத்தேன். தப்போ?"

அக்காவிடம் கொடுத்து, அவள் மேசையிலேயே விட்டுப்போன அந்தப் பட்டியல் தாளில் தேதியும் விமான எண்ணும் இருந்தன. அந்தத் திங்கட்கிழமை மாலையே நோட்டுடன் ஒப்பிட்டேன். இருபத்திரண்டு மாற்றங்கள் நான் செய்தவை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எண்ணியதில் தவறு இருந்தால்? செவ்வாய்க்கிழமை மறுபடி எண்ணினேன். அதே இருபத்திரண்டு. பதினைந்து அக்கா செய்தவை. மீதி நான்கு யாருடையவை என்று தெரியவில்லை. ஏப்ரல் 12 அன்று, "கூட்டம். நாலு மாற்றம்" என்று மட்டும் எழுதிவைத்திருந்தேன். அரைகுறைக் கணக்கோடு போனால் பிரசன்னா திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்து, புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் அந்த நான்கோடு உட்கார்ந்திருந்தேன். அது மட்டும்தான் காரணமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் என் வேலை போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வியாழக்கிழமை காலை நோட்டைப் பிரசன்னாவின் முன் வைத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"இப்பவா கொண்டு வர்றே எட்வின்? நேத்து சாயந்திரமே அவங்க ராஜினாமா குடுத்துட்டாங்க. எல்லாம் நானே செஞ்சேன், மன்னிச்சுக்குங்கன்னு எழுதியிருக்காங்க. அப்படி எழுதினாத்தான் நல்லபடியா அனுபவச் சான்றிதழ் கிடைக்கும்."

"ஆனா அது உண்மை இல்ல சார்."

"இப்ப இதைக் காட்டினா, லாகினை உனக்குக் குடுத்தாங்கன்னு அந்தச் சான்றிதழும் போயிடும். கூடவே நீயும் போவே."

"நேத்து காலைல வந்திருந்தா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து மதியம் வரைக்கும் லிஸ்ட்டை மேல அனுப்பலை."

மாலை வகுப்பை விட்டுவிட்டு லாலாகுடாவில் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் மகள், "அம்மா, ஆஃபீஸ் அன்னய்யா வச்சாடு," என்று, அண்ணன் வந்திருப்பதை உள்ளே பார்த்துத் தெலுங்கில் கத்திச் சொன்னாள்.

"வாடா. இன்னிக்கு கிளாஸ் இல்லியா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி உன்னுது?"

"இருபத்திரண்டு. நாலு மட்டும் தெரியலைக்கா."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"திங்கக்கிழமை."

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நக்கோ, வேணாம், அழாதே. எனக்குக் கோவம் வருதா இல்லியான்னே தெரியலை. மூணு நாளா ஒவ்வொரு மூஞ்சியா நெனைச்சுப் பாக்கறேன்டா. பாதிப்பேர் ஞாபகத்துக்கே வரலை. நீயும் மாத்திக் குடுத்திருப்பேன்னு தோணவே இல்லை. தலையில ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன். வீட்டுக்காரர் டாக்டரைக்கூட விசாரிச்சு வெச்சிருக்கார். அந்த பயத்துலதான் கையெழுத்தே போட்டேன். தெரியாததை எப்படி இல்லைன்னு சொல்றது?"

தாளையும் நோட்டையும் நீட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து மகளின் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறியிட்டாள்.

"இது நான். கண்ணு ஆபரேஷன் பண்ணின பெரியவர். இதுவும் நான்தான்." ஏப்ரல் 12 வந்ததும் பேனா நிற்கவில்லை. "இந்த நாலும் என்னுது. ஒரே குடும்பம்டா, ராஜமுந்திரி போறவங்க. அந்தம்மா என் கையைப் பிடிச்சிட்டு விடவே இல்லை."

புதன்கிழமை மாலை முழுவதும் நான் உட்கார்ந்திருந்த கணக்கு அது. அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம் எட்வின்," என்றாள். பிறகு அந்தத் தாளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள்.