நகமளவு ஜன்னல்

போன் வழியாக வருகிற எதையும் தோக்பே நம்பமாட்டார். மகள் கூப்பிட்டால்கூட, "நீதானா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

மனைவி மல்சுன் தோங்யோங் துறைமுகத்தில் சிப்பி உடைக்கிறவள். வயதானவர்கள் தங்கள் சாவுக்கென்று ஒரு படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவது அங்கே வழக்கம். இவள் மட்டும் மசியவில்லை.

"எடுத்த கையோட திரையப் பாத்து எல்லாரும் என் சுருக்கத்த எண்ணுறதுக்கா? போங்கடி!"

பூசானிலிருந்து வந்த மகள் கியோங்மி, அப்பாவின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். பழைய ஃபிலிம் கேமரா மாதிரியே இருந்தது. கண்ணை வைத்துப் பார்க்க நகமளவு ஜன்னல். எடுத்த படம் உடனே தெரியாது. ஃபிலிம் கழுவி வருவதுபோல மூன்று நாள் கழித்துத்தான் காட்டும்.

மல்சுன் எட்டிப் பார்த்தாள். "அப்ப, இப்ப யாராலயும் பாக்க முடியாதா?"

"நீ கெஞ்சினாலும் காட்டாதும்மா."

"அப்படின்னா எடுங்க."

ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் சிப்பிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கியோங்மி போனை அப்பா கையில் திணித்தாள். தோக்பே ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"யோவ் கெழவா, மீன வெட்டுற மாதிரி என் தலைய வெட்டிடாத."

"மீனாயிருந்தா இந்நேரம் வித்திருப்பேனே!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் டக்கென்று அமுக்கினார்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் முதியோர் மன்றத்துக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். தெரியாத செயலி எது இருந்தாலும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வங்கியில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த கூட்டாளி போங்சில், தோக்பேயின் போனை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணே, என்னது இது? தொறந்தா 'காத்திருங்கள்'ங்குது!"

"என் மக போட்டது."

"எடுத்த படத்த மறைச்சு வெக்கிற மெஷின் யோக்கியமானதா இருக்குமா?"

அது அவருக்கும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்த கேள்விதான். மகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படம் எங்கே போகப்போகிறது, போனில்தானே கிடக்கும் என்று நினைத்தார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் கேட்டது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட திருப்தியோடு அமுக்கினார்.

மூன்று நாள் கெடு முடிந்ததும் கியோங்மி போனில் கூப்பிட்டாள். செயலியை அழித்துவிட்டதை அவர் சொன்னார்.

"படம் அதுக்குள்ளதாம்ப்பா இருந்துச்சு. அதோட போச்சு."

மல்சுன் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு சிப்பி உடைக்கும் கொட்டகைக்குக் கிளம்பினாள். "நல்லதாப் போச்சு. இனிமே உக்கார மாட்டேன்."

சிப்பிக் காலம் முடியட்டும், கெஞ்சிப் பார்க்கலாம் என்றிருந்தார் தோக்பே. காலம் முடியும் முன்பே, கொட்டகையில் கத்தியைப் பிடித்தபடி அவள் சாய்ந்துவிட்டாள்.

வேறு படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிச் சாவு வீட்டில் வெள்ளைச் சாமந்திக்கு நடுவே வைத்தார்கள். போலீஸ்காரரைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தாள்.

போங்சில் வணங்கி எழுந்து வந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்த மாட்டிறைச்சிக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்தான். தோக்பேயின் கிண்ணத்தில் சோஜு சாராயம் ஊற்றினான்.

"அண்ணி சிரிக்கவே மாட்டாங்களோ, அண்ணே?"

"சிரிப்பா."

"நான் பாத்ததில்லையே."

"நான் பாத்தேன்."

"எங்க?"

தோக்பே கட்டைவிரலை நீட்டி நகத்தைக் காட்டினார்.

"இத்தனூண்டுல."

கிழவருக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, போங்சில் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.